கொடுங்கையூரிலும் இருக்கிறது சர்வதேச வளர்ச்சி

பொலிடிகல் சயின்ஸ் படிக்கும் நம் வடசென்னைப் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி என்பார்கள், இல்லாவிட்டால் சட்டக் கல்லூரி. எப்போதாவது ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஐ.நா. மாதிரி இடத்துலலாம் நமக்கு வேலை கிடைக்குமாக்கா?" என்று கேட்பார். அது தனக்கான இடமில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது அந்தக் குரலிலேயே தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் திருவொற்றியூரில் வளர்ந்து, அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தவள். இன்று வெளிநாட்டுக் கடனிலும் மானியத்திலும் நடக்கும் திட்டங்களால் மக்களுக்கு என்ன ஆகிறது என்று ஆய்வு செய்வது என் வேலை.

இந்த மாதிரி வேலைகளுக்குப் பேர்தான் சர்வதேச வளர்ச்சித் துறை. அந்தப் பேரைக் கேட்டதும் ஜெனீவா, நியூயார்க், நைரோபி என்று மனம் போகிறது. பெரிய அலுவலகங்கள் அங்கே இருப்பது உண்மைதான். அவர்கள் தரும் பணம் வந்து இறங்கும் இடங்களில் ஒன்று நம் ஊர். இது நேற்று தொடங்கியதும் இல்லை.

1977-இல் உலக வங்கியின் நிதியோடு சென்னையில் ஒரு நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்தார்கள். அடுக்குமாடி கட்டி மக்களை ஏற்றாமல், சின்ன மனை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, தெரு இவற்றை மட்டும் கொடுத்தார்கள். வீட்டைக் கையில் பணம் சேரச் சேர அந்தந்தக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் ஓர் அறை, அப்புறம் ஒரு சமையல்கட்டு, மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடி. இந்த முறையைப் பல நாடுகளில் செய்து பார்த்த உலக வங்கி, பிறகு இது சரிப்படவில்லை என்று பெரும்பாலும் கைவிட்டது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை, மும்பை மனைப் பகுதிகளுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தது. தோல்வி என்று எண்ணியது உண்மையில் வெற்றிதானோ என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தது. அந்த மனைகள் உயிருள்ள தெருக்களாக மாறியிருந்தன.

கொடுங்கையூர் என்றால் குப்பைமேடு என்று மட்டுமே சொல்லிப் பழகிய நகரம் இது. உலக அளவில் வீட்டுவசதிக் கொள்கை படிப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் ஓர் இடமும் அதுதான் என்பதை நம் கல்லூரி வகுப்பறையில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

இன்றைக்கு வாருங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் தெருக்களைத் தோண்டி மழைநீர் வடிகால் போட்டார்கள் இல்லையா, அந்தக் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021 டிசம்பரில் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. மாதவரத்திலிருந்து பெரம்பூர் வழியாகப் போகும் இரண்டாம் கட்ட மெட்ரோவில் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைகாவின் கடன் இருக்கிறது. எர்ணாவூரில் சுனாமி குடியிருப்பு என்று இன்றும் பேர் சொல்லி அழைக்கிறோம். 2004-க்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரம் முழுக்க வங்கிகளும் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வந்து இறங்கிய காலத்தின் பேர் அது.

இந்த ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறியாளர் வேண்டும், கணக்கர் வேண்டும். அரசியல் அறிவியல் படித்தவரும் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஒரு சாலையோ வடிகாலோ ரயிலோ வரும்போது சில வீடுகளும் கடைகளும் போகும். யாருடைய இழப்பை இழப்பு என்று கணக்கில் எடுப்பது? பட்டா வைத்திருப்பவர் பேர் பட்டியலில் வந்துவிடும். அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்? புறம்போக்கில் முப்பது வருஷமாக இட்லிக் கடை போட்டிருப்பவர்? கடை யாருடையதோ, அதில் வேலை பார்க்கும் பையன்? 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் நில உரிமையாளரைச் சுற்றியே எழுதப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த இடத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்த வாடகைதாரர், கைவினைஞர், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர் போன்றவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதுகிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூகச் சட்டகத்தில், அதாவது அதன் பணத்தில் நடக்கும் திட்டங்கள் பின்பற்ற வேண்டிய விதித்தொகுப்பில், பத்துத் தர விதிகள் உண்டு. அதில் ஐந்தாவது விதி இன்னும் ஒரு படி போய், நிலத்தின் மேல் எந்தச் சட்ட உரிமையும் இல்லாதவருக்கும் அவர் கட்டிய கட்டுமானத்துக்கு ஈடும், வேறிடத்தில் பிழைக்க உதவியும் தரவேண்டும் என்கிறது. ஒரு நிபந்தனையோடு: கட்-ஆஃப் தேதிக்கு, அதாவது பாதிக்கப்படுபவர்களைக் கணக்கில் சேர்க்கக் குறித்த கடைசி நாளுக்கு, முன்பே அவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கட்-ஆஃப் தேதியை யார் குறித்தது, எங்கே அறிவித்தார்கள், எந்த மொழியில் அறிவித்தார்கள், கணக்கெடுக்க வந்த நாளில் பூட்டியிருந்த வீட்டுக்கு மறுபடி போனார்களா, குடும்பத் தலைவர் என்று ஆண் பேரை மட்டும் எழுதினார்களா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது வருஷம் தொங்குகிறது. குடியுரிமை, அதிகாரம், பிரதிநிதித்துவம் என்று மூன்று வருஷம் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் ஒரு படிவத்தின் கட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதை இந்த வேலையில்தான் பார்த்தேன்.

இந்த விதிகள் யாரோ மனமிரங்கி எழுதித் தந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்கு எதிராக மக்கள் நடத்திய போராட்டம், உலக வங்கியைச் சுதந்திரமான விசாரணைக் குழு ஒன்றை அமைக்க வைத்தது. 1992-இல் அந்தக் குழு தந்த அறிக்கை, மீள்குடியேற்றம் எவ்வளவு மோசமாக நடந்திருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. அடுத்த ஆண்டு மிச்சக் கடன் நின்றுபோனது. அதே 1993-இல்தான், பாதிக்கப்பட்ட மக்கள் நேரடியாகப் புகார் தரக்கூடிய ஆய்வுக்குழுவை உலக வங்கி உருவாக்கியது. உலகின் எந்த மூலையிலும் ஒரு கிராமத்தார் இன்று வாஷிங்டனுக்குப் புகார் எழுத முடிகிறது என்றால் அதில் நர்மதைக் கரையில் நின்றவர்களின் பங்கு பெரியது. நேர்காணலில் "அரசியல் அறிவியல் படித்த நீங்கள் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், இந்த வரலாறு தெரிந்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

வடசென்னைக்காரருக்கு இன்னொரு பலமும் உண்டு. அதை நம்மவர்கள் பலமாகவே நினைப்பதில்லை.

காசிமேட்டில் மீனவர் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் "மாத வருமானம் எவ்வளவு?" என்று இருக்கும். விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு கழித்து மிச்சத்தில் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகு போகும். மே மாதத்தில் போய்க் கேட்டால் விசைப்படகுத் தொழிலாளியின் வருமானம் ஒன்றுமில்லை என்று பதிவாகும். தடை முடிந்து படகுகள் முதல் தடவை நிறையக் கொண்டுவரும் நாட்களில் கேட்டால், வருஷம் முழுக்க அப்படித்தான் சம்பாதிக்கிறார் என்று பதிவாகும். இரண்டும் பொய். அந்தப் பொய்யை அடிப்படையாக வைத்துத்தான் நாளைக்கு இழப்பீடு கணக்கிடுவார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் வைப்பார்கள். விடியும் முன்பே ஏலத்துக்குப் போன அம்மாக்கள் அந்நேரம் பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ கூடையோடு உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் ஆண்கள் கையெழுத்து மட்டும் இருக்கும். "பெண்கள் ஆர்வம் காட்டவில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். எண்ணூர் கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவர்கள். படகு இல்லை, வலை இல்லை, அதனால் படகையும் வலையையும் எண்ணும் பட்டியலில் அவர்களுக்குக் கட்டமே இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெங்கும் படிந்தபோது, யார் பாதிக்கப்பட்டவர் என்ற அதே கேள்விதான் எல்லார் முன்னாலும் நின்றது.

கூட்டத்தை மாலைக்கு மாற்று, பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள், வருமானத்தைப் பருவம் பிரித்துக் கேள், படகு இல்லாதவருக்கு ஒரு கட்டம் சேர் என்று சொல்ல ஆள் வேண்டும். இது எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக வருவதற்கு முன்பே நம் வீட்டுத் திண்ணையில் தெரிந்த விஷயம். வேறு ஊர், வேறு நாட்டுக் கடற்கரைகளில் வேலை பார்த்தபோதும் எனக்கு முதலில் உதவியது இதுதான். அங்கே தடைக்காலம் வேறு மாதத்தில் வரும், மீன் பேர் வேறு. கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

சரி, உள்ளே நுழைவது எப்படி?

பெரும்பாலானவர்களுக்குக் கள ஆய்வில்தான் முதல் வாசல் திறக்கும். கணக்கெடுப்பாளர் வேலை. வெயிலில் வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் கேள்வி கேட்பது. படித்துவிட்டு இதற்கா என்று வீட்டில் கேட்பார்கள், பரவாயில்லை. இந்தத் துறையில் மேலே இருக்கும் பலருக்குக் கிடைக்காத அறிவு அங்கே கிடைக்கிறது. ஜே-பால் தெற்காசியா போன்ற ஆய்வு அமைப்புகளுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யுனிசெஃபுக்கும் இங்கே அலுவலகம் உண்டு. கடன் திட்டங்களை மேற்பார்வை செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் தமிழ் தெரிந்த களப் பணியாளரைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. வேலை அறிவிப்புகள் ரிலீஃப்வெப், டெவெக்ஸ், டெவ்நெட்ஜாப்ஸ் இந்தியா ஆகிய தளங்களில் வரும்.

கூடவே ஒரு கைத்தொழில் வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அரசியல் அறிவியல் துறைகளில் இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புக் கருவியில் கேள்வித்தாள் அமைக்கத் தெரிய வேண்டும், அதை ஓரளவுக்கு இலவசமாகவே பயன்படுத்தலாம். ஸ்டேட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டில் ஒன்று. அப்புறம் எழுத்து. நாற்பது பேரிடம் பேசியதை இரண்டு பக்கத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும், பேசியவரின் பொருள் மாறாமல் எழுதத் தெரிந்தவர் மிகக் குறைவு. அப்படி எழுதுகிறவரை எந்தக் குழுவும் விடாது.

முதுகலைப் பட்டம் வேண்டுமா? நீண்ட காலம் இருக்க வேண்டுமென்றால் வேண்டும். ஐ.நா.வின் நிபுணர் பதவிகளுக்குப் பெரும்பாலும் முதுகலை கேட்கிறார்கள், அல்லது இளங்கலையோடு கூடுதல் அனுபவம். டாடா சமூக அறிவியல் நிறுவனம், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் எல்லாவற்றிலும் வளர்ச்சி சார்ந்த படிப்புகள் உண்டு. வெளிநாடு போக செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் உதவித்தொகைகள் உண்டு. செவனிங் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும். களப்பணி அங்கே கணக்கில் வரும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசே வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. ஒன்றிய அரசும் ஒன்று தருகிறது. ஆனால் 2022-இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி கிடையாது என்றார்கள். தலித் மாணவர் ஒருவர் சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய அந்தப் பணம் உதவாது என்பதுதான் இதன் பொருள். இது அநியாயம்.

அதைவிடக் கோபம் தருவது சம்பளமில்லாப் பயிற்சிப் பணி. யுனிசெஃப், யுஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) போன்ற அமைப்புகள் பயிற்சியாளருக்கு உதவித்தொகை தருகின்றன. ஐ.நா. தலைமைச் செயலகம் தருவதில்லை. நியூயார்க்கில் மாதக்கணக்கில் சொந்தச் செலவில் தங்கி வேலை கற்றுக்கொள்ள நம் பகுதியில் எந்தக் குடும்பத்தால் முடியும்? வறுமையை ஒழிக்கப் பேசும் ஓர் அமைப்பின் வாசலிலேயே வறியவர் வடிகட்டப்படுகிறார். அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் உள்நாட்டிலேயே பணியிடங்கள் உண்டு, வாழ்க்கைச் செலவுக்குப் பணமும் தருவார்கள். பதினெட்டு வயதானாலே இளைஞர் பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

காலம் மோசமாக இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை மாதத்தோடு, அந்த உதவியைக் கையாண்ட யுஎஸ்எய்டு ஒரு தனி அமைப்பாக இல்லாமல் போனது. உலகெங்கும் மருந்து விநியோகமும் ஊட்டச்சத்துத் திட்டங்களும் தடைபட்டன, கூடவே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பிரிட்டன் 2027-க்குள் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதத்துக்குக் குறைக்கப்போகிறது. நம் நாட்டில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது என்றது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. பெரிய அமைப்பிடமிருந்து சிறு தொகை பெற்றுக் குப்பங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் வேலை பார்த்த சின்னச் சின்ன சங்கங்கள்தான் இதில் அதிகம் அடிவாங்கின.

ஆகவே மானியத்தை நம்பிய வேலைகள் குறைகின்றன, கடன் திட்டங்களும் மாநில அரசுத் திட்டங்களும் சார்ந்த வேலைகள் தாக்குப்பிடிக்கின்றன. அவையும் ஒப்பந்த வேலைகள்தான். திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது. பென்ஷன் கிடையாது. இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இந்தியாவே உதவி தரும் நாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தில் 2012 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இலங்கையில் போருக்குப் பிறகு 50,000 வீடுகள் கட்ட இந்தியா உதவியது. பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். வீட்டுக்காரரே பணத்தைத் தவணையாகப் பெற்றுக் கட்டிக்கொள்ளும் முறை. கொடுங்கையூர் மனைகளில் நம் ஆட்கள் செய்ததுபோலவேதான். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட், செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு முதலியவை களத்தில் நின்றன. தமிழ் தெரிந்த சமூகப் பணியாளரின் மதிப்பு அங்கே என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இந்தத் துறை புதிதும் இல்லை. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை போனார். திரும்பி வந்து 1971-இல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் நிலம், சாதி, கூலி பற்றி அங்கே சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்துவிட்டு ஒரு திட்ட அறிக்கையை எடுத்தால், அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று தானாகத் தெரியும்.

வெளியே நின்று எதிர்ப்பவர்களையும் மதியுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று மக்கள் போராடுகிறார்கள். திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர்கள் இடைஞ்சலாகத் தெரியலாம். நான் மேலே சொன்ன ஒவ்வொரு விதியும் அப்படிப்பட்ட இடைஞ்சலில் பிறந்தது.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இப்போது மூன்றாம் ஆண்டு அரசியல் அறிவியல் படிக்கிறாள். "எதுல ஆரம்பிக்கட்டும்க்கா?" என்று கேட்டாள். கொசஸ்தலையாறு வடிகால் திட்ட ஆவணங்களைப் படிக்கச் சொன்னேன். ஆசிய வளர்ச்சி வங்கியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். பாதிக்கப்படும் மக்களுக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்று வங்கியின் கொள்கையே சொல்கிறது, ஆனால் நான் பார்த்த பல திட்டங்களில் தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம் மட்டுமே. அவள் விடாமல் படித்தாள். எது அடிப்படை ஆய்வு (திட்டம் தொடங்கும் முன் மக்கள் நிலையைப் பதிவது), எது குறைதீர்ப்புக் குழு, புகாரை எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று தமிழில் குறிப்பெடுத்தாள். தெருவில் வடிகால் மூடி உடைந்து கிடப்பது பற்றி அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மாதக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதை முறைப்படி எழுதி, தேதி போட்டு, எந்தக் குழுவுக்குப் போக வேண்டுமோ அந்தக் குழுவின் பேர் போட்டு, மண்டல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வந்திருக்கிறாள். பதில் வரவேண்டிய கெடு அடுத்த வாரம் முடிகிறது. வராவிட்டால் அடுத்த படி எங்கே எழுத வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.